மூன்றாவது ஷரத்து: புளோரன்சில் பிப்ரவரி 18

பிப்ரவரி 14, டூசல்டார்ஃப்

டூசல்டார்ஃபின் பழைய நகர்ப் பகுதியில், நகர்மன்றக் கட்டடத்துக்கு முன்னால், குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஒரு பெரிய வெண்கல மனிதரை எல்லாரும் ஊர்ப் பெரியவரைப்போல யான் வெல்லெம் என்று செல்லப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். யோகான் வில்ஹெல்ம் என்பது முழுப்பெயர். புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த ஜெர்மானிய அரசர்கள் சிலருள் அவர் ஒருவர். சிற்பி கப்ரியேல் குருபெல்லோ 1711இல், அரசர் உயிரோடு இருக்கும்போதே, இந்தச் சிலையை வார்த்து முடித்தார். இங்கே வேலை பார்க்கும் என் தம்பி நாள்தோறும் இதைக் கடந்துதான் அலுவலகம் போகிறான். நான் புளோரன்சுக்குப் போகப்போவதாகச் சொன்னதும், “இவரோட வீட்டம்மா ஊருக்குத்தானே போறே அக்கா? அவங்க போன வழியிலேயே போயிட்டு வா” என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் என் பயணத் திட்டம் அதன் பிறகு அப்படியே மாறிவிட்டது.

அந்த வீட்டம்மாவின் பெயர் அன்னா மரியா லூயிசா தெ மெதிச்சி. புளோரன்சை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆட்டிப்படைத்த மெதிச்சிக் குடும்பத்தின் கடைசிக் கிளை அவர். 1667இல் பிறந்து, 1691இல் யான் வெல்லெமுக்கு இரண்டாம் மனைவியாக டூசல்டார்ஃபுக்கு வந்து, 1716இல் கணவரை இழந்து, மறு ஆண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவர். அவர் இறந்த பிப்ரவரி 18ஆம் நாளைப் புளோரன்ஸ் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. நகராட்சியின் அருங்காட்சியகங்கள் அன்று இலவசமாகத் திறந்திருக்கும், பழங்கால உடையணிந்தவர்களின் ஊர்வலம் அவருடைய கல்லறைக்குப் போய் மலர் வைக்கும். ஓர் அரச குடும்பத்துப் பெண் இறந்த நாளை அவருக்குச் சந்ததியே இல்லாத ஒரு நகரம் இவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அவர் விட்டுச் சென்ற ஓவியங்களும் சிலைகளும்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். துல்லியமாகச் சொன்னால், அவற்றை விட்டுச் சென்ற விதம்.

அந்த விதத்தைப் புரிந்துகொள்ள டூசல்டார்ஃப் நல்ல தொடக்கம். யான் வெல்லெம் கலைப்பித்தர், முக்கியமாக ஓவியர் ரூபன்ஸின் பித்தர். அரண்மனையை ஒட்டி ஒரு தனி ஓவியக்கூடமே கட்டி, ஐரோப்பாவெங்கும் பேசப்பட்ட ஒரு தொகுப்பைச் சேர்த்தார். இன்று அதில் இந்த ஊரில் எஞ்சியிருக்கும் பெரிய படம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ரூபன்ஸின் மரியன்னை விண்ணேற்பு. அதுவும் பாசத்தால் விட்டுவைக்கப்பட்டதன்று. மரப்பலகைமேல் தீட்டிய மிகப்பெரிய படமாக இருந்ததால் தூக்கிச் செல்ல முடியாமல் விட்டுவிட்டார்கள். மற்றவை 1806 வாக்கில், நெப்போலியன் காலப் போர்களின் நடுவே, அதே வம்சத்தின் பவேரியக் கிளையின் தலைநகரான மியூனிக்குக்கு வண்டியேறிவிட்டன. திரும்பி வரவேயில்லை.

பிப்ரவரி 15, மியூனிக்

மியூனிக்கில் பகல் பொழுது மட்டும். ரயில் நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டு நேரே பழைய பினகோதேக் என்னும் ஓவிய அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். டூசல்டார்ஃபிலிருந்து வந்த ரூபன்ஸ் படங்கள் இங்கே நடுக்கூடத்தில் ஆட்சி செய்கின்றன. அவற்றுள் இறுதித் தீர்ப்பு ஆறு மீட்டர் உயரம். அதை மாட்டுவதற்கு ஏற்றபடிதான் அந்தக் கூடத்தையே கட்டினார்கள். கழுத்து வலிக்கப் பார்த்தேன். நிர்வாண உடல்கள் அருவிபோல விழுகின்றன. மெச்சத்தான் முடிந்தது, மனம் ஒட்டவில்லை.

நான் தேடி வந்தது வேறு படம். ரபேல் 1507ஐ ஒட்டி, புளோரன்ஸைச் சேர்ந்த கனிஜானி குடும்பத்துக்காகத் தீட்டிய திருக்குடும்பம். மரியாவும் எலிசபெத்தும் தரையில் அமர்ந்திருக்க, இரண்டு குழந்தைகளும் அவர்களுக்கு நடுவே விளையாட, முதியவரான சூசை கோலை ஊன்றி அவர்கள் எல்லார்மேலும் கூரைபோலக் குனிந்து நிற்கிறார். மேல் மூலைகள் இரண்டிலும் குழந்தைத் தேவதூதர்கள் கொத்துக் கொத்தாக இருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் யாரோ அவர்கள்மேல் நீலவானம் பூசி மறைத்துவிட, 1980களில் அந்தப் பூச்சை நீக்கிய பிறகுதான் அவர்கள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். தூதர்கள் இருந்த இடத்தில் வண்ணம் சற்றுத் தேய்ந்து, முகங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பவைபோல இருக்கின்றன.

இந்தப் படம் மெதிச்சிகளின் சொத்தாக இருந்தது. அன்னா மரியா லூயிசாவின் திருமணத்தை ஒட்டிப் புகுந்த வீட்டுக்குப் போனது. அதாவது, ஒரு கலைப்பொருளும் புளோரன்சை விட்டு வெளியே போகக்கூடாது என்று பிற்காலத்தில் எழுதி வாங்கிய பெண், தன் இருபத்துநான்காம் வயதில் ஒரு ரபேலோடு புளோரன்சை விட்டுப் புறப்பட்டவர். பெண்ணோடு சீதனமாகப் போனது டூசல்டார்ஃபில் நின்றது. பெண் திரும்பியபோது அது திரும்பவில்லை. பிறகு டூசல்டார்ஃபிலும் நிற்கவில்லை. இரவு ரயிலுக்கு நேரமாகும்வரை அந்தப் படத்தின் முன்னால் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16, புளோரன்ஸ்

விடியும் முன்னரே ரயில் இறக்கிவிட்டது. குளிர், மூடுபனி, பூட்டிய கடைகள். ஆர்னோ ஆற்றின்மேல் வெளிச்சம் வரும்வரை ஒரு காப்பிக் கடையில் நின்றபடியே காலத்தைப் போக்கினேன். இந்த ஊரில் உட்கார்ந்து குடித்தால் அதே காப்பிக்கு விலை கூடிவிடும்.

பத்து மணிக்குப் பித்தி அரண்மனை. ஆற்றின் தென்கரையில், மலையை வெட்டி அடுக்கியதுபோல் நிற்கும் இந்தக் கட்டடத்தில்தான் மெதிச்சிகளின் கடைசித் தலைமுறை வாழ்ந்தது, மெல்ல மெல்லத் தேய்ந்தது. அன்னாவின் தாய் மார்கரீத் லூயிஸ் பிரெஞ்சு அரச குடும்பத்தவர். கணவர் மூன்றாம் கோசிமோவைச் சகிக்க முடியாமல் 1675இல் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு பிரான்சுக்கே போய்விட்டார். மகளுக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. வளர்த்தது பாட்டி வித்தோரியா தெல்லா ரோவெரே. இந்தப் பாட்டியை நாளை உஃபிசி ஓவியக்கூடத்தில் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் மூவருக்கும் வாரிசு வாய்க்கவில்லை. மூத்தவர் ஃபெர்தினாந்தோ, பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்தோஃபோரியை ஆதரித்த இசைப்பிரியர், 1713இல் இறந்தார். இளையவர் ஜான் கஸ்தோனேவுக்கு 1697இல் டூசல்டார்ஃபில் நடந்த திருமணம் அக்காவே பார்த்து வைத்த சம்பந்தம். தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை, கணவனும் மனைவியும் ஒருவர் இருக்கும் நாட்டில் மற்றவர் இருக்க விரும்பாத அளவுக்குப் போனது. கர்தினாலாக இருந்த சித்தப்பாவைத் துறவுப் பதவியிலிருந்து இறக்கி 1709இல் மணமுடித்து வைத்தும் பார்த்தார்கள். அவர் இரண்டே ஆண்டில் போய்ச் சேர்ந்தார். தம்பிக்குப் பின் மகளே ஆளட்டும் என்று கோசிமோ 1713இல் ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் அதை ஏற்கவில்லை. பிறகு ஐரோப்பிய வல்லரசுகள், புளோரன்சைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனியை யாருக்குக் கொடுப்பது என்று மெதிச்சிகளைக் கேட்காமலே தங்களுக்குள் பேசி, முதலில் ஸ்பானிய இளவரசர் ஒருவருக்கும், பிறகு மனம் மாறி, பேரரசரின் மகள் மரியா தெரசாவின் கணவர் லொரைன் கோமகன் பிரான்சிஸ் ஸ்டீபனுக்கும் என்று முடிவுசெய்தன. 1737 ஜூலை 9 அன்று ஜான் கஸ்தோனே இறந்தார். அரியணை லொரைன்காரருக்குப் போயிற்று. குடும்பத்தின் தனிச்சொத்தாகிய படங்கள், சிலைகள், நூல்கள், நகைகள் அனைத்துக்கும் எழுபதை நெருங்கிய விதவை ஒருவர் மட்டும் உரிமையாளராக நின்றார்.

அரண்மனையின் கீழ்த்தளத்தில், தஸ்கனியை ஆண்ட பெருங்கோமக்களின் கருவூலம் இருக்கிறது. அங்கே அவருடைய சொந்தச் சேகரிப்பு ஒன்றைப் பார்த்தேன். ஒழுங்கான உருண்டையாக அமையாத, கோணிப்போன பெரிய முத்துகளை எடுத்து, அவற்றின் கோணலையே உருவத்தின் உடலாகக் கொண்டு, மீதியைப் பொன்னாலும் எனாமலாலும் மணிகளாலும் செய்து முடித்த விரலளவு பொம்மைகள். ஒரு முத்தின் புடைப்பு குள்ளனின் தொந்தியாகியிருக்கிறது. இன்னொன்றின் வளைவு பறவையின் மார்பாகியிருக்கிறது. முத்தைப் பார்த்து உருவம் நினைத்தார்களா, உருவம் நினைத்து முத்தைத் தேடினார்களா என்று கண்ணாடியில் மூச்சுப் படியும்வரை குனிந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

அவற்றுள் ஒன்று தொட்டில். பொன் கம்பிகளை நூல்போல இழைத்துப் பின்னிய, உள்ளங்கையில் அடங்கக்கூடிய தொட்டில், அதற்குள் முத்தாலான ஒரு குழந்தை. வாரிசு பிறக்க வேண்டும் என்ற ஆசையோடு கணவர் மனைவிக்குக் கொடுத்த பரிசு. குழந்தை பிறக்கவேயில்லை. தொட்டிலை அவர் டூசல்டார்ஃபிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கடைசியில் ஊருக்கு எழுதிவைத்த சொத்துகளோடு சேர்த்துவிட்டிருக்கிறார். அந்த அறையில் அரைமணி நேரம் இருந்தேன். மேல்மாடியில் ரபேலின் நாற்காலி மாதாவும் டிஷியனின் உருவப்படங்களும் காத்திருந்தன, போய்ப் பார்த்தேன், ஆனால் அவற்றைப் பற்றி எழுத இன்று கை வரவில்லை.

பிப்ரவரி 17, உஃபிசி

ஒப்பந்தத்தைப் பற்றி இன்று எழுதிவிடுகிறேன். 1737 அக்டோபர் 31 அன்று அன்னா மரியா லூயிசாவுக்கும் பிரான்சிஸ் ஸ்டீபனுக்கும் இடையே வியன்னாவில் கையெழுத்தானது. இத்தாலியர்கள் அதைக் குடும்ப ஒப்பந்தம் என்கிறார்கள். அதன் மூன்றாவது ஷரத்துதான் நாளை நடக்கும் விழாவுக்கெல்லாம் வேர். ஓவியக்கூடங்கள், படங்கள், சிலைகள், நூலகங்கள், நகைகள், மற்ற அரும்பொருள்கள், புனிதச் சின்னங்கள் யாவற்றையும் புதிய பெருங்கோமகனுக்கும் அவர் வழியினருக்கும் கொடுத்துவிடுகிறார். ஆனால் ஒரு நிபந்தனையோடு: நாட்டின் அணியாகவும், பொதுமக்களின் பயனுக்காகவும், வெளிநாட்டாரின் ஆவலை ஈர்ப்பதற்காகவும் உள்ள எதுவும் தலைநகரத்தையும் பெருங்கோமகனின் நாட்டையும் விட்டு வெளியே கொண்டுசெல்லப்படலாகாது.

நம் கோயில் கல்வெட்டுகளில் தானத்தை எழுதிவிட்டு, இதற்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பார்கள். இந்த அம்மையார் சாபம் எதுவும் இடவில்லை. பொருளை முழுவதுமாகக் கொடுத்துவிட்டார், நகர்த்தும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு வியப்பளிப்பது அந்த மூன்று காரணங்களுள் கடைசியானது. 1737ஆம் ஆண்டிலேயே, சுற்றுலா என்ற தொழிலுக்கு வெகுகாலம் முன்பே, படங்கள் ஊரில் இருந்தால் வெளிநாட்டார் தேடி வருவார்கள் என்று ஒருவர் சட்ட மொழியில் எழுதியிருக்கிறார். காலை எட்டேகால் மணிக்கு உஃபிசியின் வாசலில் கொரியர்களுக்கும் பிரேசில்காரர்களுக்கும் நடுவே, முன்பதிவுச் சீட்டைக் கைப்பேசியில் பிடித்தபடி நின்றபோது, அந்த ஷரத்தில் நானும் ஒரு சொல்லாக இருப்பதாகத் தோன்றியது.

இத்தகைய நிபந்தனை அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? அக்கால இத்தாலியில் ஒரு வம்சம் அற்றுப்போனாலோ நொடித்துப்போனாலோ அதன் படங்கள் ஊரை விட்டுப் போய்விடுவதுதான் வழக்கம். மாந்துவாவின் கொன்சாகாக்கள் தங்கள் தொகுப்பின் பெரும்பகுதியை 1620களின் இறுதியில் இங்கிலாந்தின் முதலாம் சார்லசுக்கு விற்றார்கள். ஒப்பந்தத்துக்கு மூன்றே ஆண்டுகள் முன்பு, பார்மாவின் ஃபர்னேசே வம்சத்தின் சொத்துக்கு வாரிசான போர்பன் சார்லஸ் அந்தப் படங்களை நேப்பிள்சுக்கு எடுத்துச் செல்லத் தொடங்கினார். ஆனால் அன்னா இவற்றையெல்லாம் விட அருகிலிருந்து அறிந்த எடுத்துக்காட்டு உஃபிசியிலேயே தொங்குகிறது.

பியெரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய உர்பினோ கோமகன், கோமகள் இரட்டைப் படத்தின் முன் எப்போதும் கூட்டம். ஒருவரை ஒருவர் நோக்கி, பக்கவாட்டில், அவர் சிவப்புத் தொப்பியோடும் உடைந்த மூக்கோடும், அவள் வெளிறிய நெற்றியோடும். சற்றுத் தள்ளி வேறொரு அறையில் டிஷியனின் உர்பினோ வீனஸ் படுத்திருக்கிறாள். இரண்டுமே பெயருக்கேற்ப உர்பினோவைச் சேர்ந்தவை. 1631இல் உர்பினோவின் கடைசிக் கோமகன் இறந்தபோது நாட்டைப் போப்பாண்டவர் எடுத்துக்கொண்டார். வீட்டுச் சொத்து பேத்திக்கு வந்தது. ஒன்பது வயதான அந்தப் பேத்தி ஏற்கெனவே மெதிச்சி இளவரசருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள். படங்கள் அவளுக்கு உரியவையாகப் புளோரன்சுக்கு வந்தன, உர்பினோ வெறுமையானது. அவள்தான் வித்தோரியா, அன்னாவை வளர்த்த பாட்டி. வம்சம் முடிந்தால் சுவர்கள் எப்படி வெறுமையாகும் என்பதைப் பேத்தி பாட்டியின் மடியிலேயே கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே நடந்தால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

திரிபூனா என்னும் எண்கோண அறையை வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். புவொந்தாலெந்தி 1584இல் கட்டி முடித்தது. செந்நிற வெல்வெட் சுவர்கள், குவிமாடத்தில் பதித்த ஆயிரக்கணக்கான சிப்பிகளின் மங்கிய பளபளப்பு, நடுவே மெதிச்சி வீனஸ் என்னும் கிரேக்கச் சாயல் சலவைக்கல் பெண். ஒப்பந்தம் எவ்வளவு தாக்குப்பிடித்தது என்பதற்கு அவளே சான்று. நெப்போலியனின் ஆட்கள் அவளைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள், அவன் வீழ்ச்சிக்குப் பின் திரும்பி வந்தாள்.

எல்லாமே ஊரில் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 137 காரட் எடையுள்ள மஞ்சள் நிறப் புளோரன்ஸ் வைரம் லொரைன் வம்சத்தோடு வியன்னாவுக்குப் போய்விட்டது. 1790களில் புளோரன்சை ஆண்ட அதே வம்சத்தார் வியன்னாவோடு படங்களைப் பண்டமாற்று செய்தார்கள். டியூரரின் கீழ்த்திசை ஞானியர் வணக்கம் உஃபிசிக்கு வந்தது அப்படித்தான், அதற்கு ஈடாகப் புளோரன்சின் படங்கள் சில போயின. ஷரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வளைக்க அப்போதும் ஆள் இருந்தார்கள். ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூறு நின்றது என்று சொல்ல நான் கணக்காளர் இல்லை. கூடங்களில் நடந்து நடந்து கால் வலித்ததுதான் என் அளவுகோல். 1769இல் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவரும் லொரைன் வம்சத்துப் பெருங்கோமகனே, பியெத்ரோ லியோபோல்தோ. பொதுமக்களின் பயனுக்காக என்ற சொல் நடைமுறைக்கு வர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பிப்ரவரி 18

அன்னா மரியா லூயிசா வாழ்ந்த கடைசி நாளன்று, 1743இல், புளோரன்சில் பலத்த காற்று வீசியது. அவர் புயற்காற்றோடு போய்விட்டார் என்று சாதாரண மக்கள் நம்புவதாக, அங்கிருந்த பிரித்தானியத் தூதர் ஹொரேஸ் மான் நண்பருக்கு எழுதினார். இன்று காற்றே இல்லை. கொடிகள் துவண்டு தொங்கின. கொடியைத் தூக்கி எறிந்து பிடிப்பவர்களுக்கு அது நல்லதாம், பக்கத்தில் நின்ற முதிய பெண்மணி கையசைத்து எனக்கு விளக்கினார்.

நான் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஊர்வலம் புறப்படும் குவெல்ஃபு கட்சி மாளிகைக்குப் போகாமல், பெரிய கூட்டம் தெரிந்த இடமெல்லாம் விழாவாகத்தான் இருக்கும் என்று நம்பி, வேறொரு வாசலில் நீண்டிருந்த வரிசையின் கடைசியில் இருபது நிமிடம் நின்றுவிட்டேன். அது இலவச நுழைவுக்கான வரிசை. முரசொலி தெருவின் மறுபக்கத்திலிருந்து கேட்டபோதுதான் ஓடினேன்.

முதலில் முரசுகள் வந்தன. தோளில் பட்டை கட்டி இடுப்புக்குக் கீழே தொங்கவிட்ட மர முரசுகள். அடிப்பது ஒரே தாளம், வேகம் கூடுவதில்லை, ஆனால் குறுகிய தெருவின் கற்சுவர்களில் பட்டுத் திரும்பும்போது நெஞ்சுக்குள் அடிப்பதுபோல் இருந்தது. பிறகு நீண்ட எக்காளங்கள், வெள்ளைப் பட்டில் செந்நிற லில்லி பொறித்த நகரக் கொடி, ஒரு கால் ஒரு நிறமும் மறுகால் இன்னொரு நிறமுமாக இறுக்கமான கால்சட்டை அணிந்த ஈட்டிக்காரர்கள், கறுப்பு வெல்வெட்டில் பெரியமனிதர்கள். மூவண்ணப் பட்டை குறுக்கே அணிந்த நகராட்சிப் பிரதிநிதி அவர்களுக்கு நடுவே இக்காலக் கோட்டில் வந்தார். ஈட்டிக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தார்.

இந்த ஊர்வலத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இவர்கள் புளோரன்ஸ் குடியரசின் வரலாற்று ஊர்வலத்தார். இவர்கள் நினைவுகூர்வது 1530ஆம் ஆண்டை. மெதிச்சிகளைத் துரத்திவிட்டுக் குடியரசை நிறுவிய புளோரன்சை, அவர்களை மீண்டும் அமர்த்துவதற்காகப் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படை முற்றுகையிட்டிருந்தது. ஊருக்குள் பட்டினி. அந்த நிலையில் பிப்ரவரி 17 அன்று, எதிரிகள் பார்க்கும்படி, சாந்தா குரோச்சே சதுக்கத்தில் மக்கள் கால்பந்து ஆடினார்கள். சில மாதங்களில் நகரம் வீழ்ந்தது, மெதிச்சிகள் திரும்பினார்கள், குடியரசு முடிந்தது. மெதிச்சிகளை எதிர்த்து நின்ற அந்த வீரர்களின் உடையை அணிந்துகொண்டுதான், கடைசி மெதிச்சியின் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறார்கள். இதில் முரண் இருப்பதாக அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. சண்டை தீர்ந்து ஐந்நூறு ஆண்டு ஆகப்போகிறது, படங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

சான் லொரென்சோ கோயிலின் பின்புறம் மெதிச்சிச் சிற்றாலயங்கள். முன்வாசல் நேரே நிலவறைக்குள் விடுகிறது. தாழ்ந்த வளைவுகள், குளிர், தரையிலும் சுவரோரத்திலும் பெயர் பொறித்த கற்கள். ஊர்வலத்தார் போன பிறகுதான் மற்றவர்களை விட்டார்கள். அன்னா மரியா லூயிசாவின் கல்லின்மேல் மலர்வளையம், அதன்மேல் சிவப்பும் வெள்ளையுமான நாடா. அரசர்கள் வரிசையில் மற்ற எவருக்கும் பூ இல்லை. முதல் பெருங்கோமகனான முதலாம் கோசிமோவுக்கும் இல்லை.

இந்த நிலவறைக்குள் 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோவின் வெள்ளமும் சேறும் புகுந்தன. 2012இல் ஜெர்மானிய, இத்தாலிய ஆய்வாளர்கள் அவருடைய கல்லறையைத் திறந்தபோது வெள்ளத்தின் சேதம் அங்கேயும் தெரிந்தது. குழந்தை இல்லாததற்குக் காரணம் கணவரிடமிருந்து தொற்றிய மேகநோய் என்று காலங்காலமாக எழுதிவந்தார்கள். எலும்புகளில் அதற்கான தடயம் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்லப்படும் கதை எவ்வளவு காலம் சோதிக்கப்படாமலே ஓடும் என்று அந்தப் பூக்களுக்குப் பக்கத்தில் நின்றபோது கொஞ்சம் எரிச்சல் வந்தது.

மேலே ஏறினால் இளவரசர் சிற்றாலயம். 1604இல் தொடங்கியது. சுவர் முழுவதும் நிறக்கற்களை வெட்டி இழைத்துப் பதித்த வேலை. கீழ்ப்பட்டையில் தஸ்கனியின் பதினாறு நகரங்களின் சின்னங்கள், நீலக்கல்லிலும் பவழத்திலும் முத்துச்சிப்பியிலும். செல்வம் இருந்தவரை கட்டிக்கொண்டே இருந்தார்கள், வம்சம் முடிந்தும் கட்டடம் முடியவில்லை. இதை முடிப்பதற்கும் அன்னா மரியா லூயிசா தம் உயிலில் பணம் ஒதுக்கினார். அடுத்த அறையில் மைக்கேலாஞ்சலோவின் இரவும் பகலும் அந்தியும் விடியலும் தங்கள் கல்லறைகள்மேல் சாய்ந்திருக்கின்றன. அங்கே யாரும் பேசுவதில்லை, நானும் எழுதவில்லை.

மாலையில் நகர்மன்ற அரண்மனையான பலாசோ வெக்கியோ. இலவசம் என்பதால் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாசரியின் போர்க்காட்சிகள் நிறைந்த ஐந்நூற்றுவர் மண்டபத்தில், ஒரு தாத்தா பேரனுக்கு மேற்கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார், பேரனோ தரையில் வழுக்கி விளையாடுவதிலேயே குறியாக இருந்தான். வெளிநாட்டார் மிகக் குறைவு. ஷரத்தின் நடுச்சொல்லான பொதுமக்களின் பயன் என்பதை அங்கே முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் காலத்தில் கிடைக்கும் ஆரஞ்சு மணக்கும் ஸ்கியாச்சாத்தா கேக் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். மேலே வெள்ளைச் சர்க்கரைத் தூளின்மீது கோக்கோவால் லில்லி அச்சிட்டிருந்தார்கள். கொடியில் பார்த்த அதே லில்லி.

பிப்ரவரி 19

ரயில் பதினோரு மணிக்கு. காலையில் மீண்டும் சான் லொரென்சோவுக்குப் போனேன். கோயிலின் முகப்பு இன்னும் சொரசொரப்பான வெறும் கல். மைக்கேலாஞ்சலோ வரைந்த சலவைக்கல் முகப்பு கட்டப்படவேயில்லை. ஆனால் பின்பக்கம் எழும் மணிக்கோபுரம் முழுமையாக இருக்கிறது. 1740–41இல் ஃபெர்தினாந்தோ ரூஜ்ஜியேரி கட்டினார், பணம் கொடுத்தவர் அன்னா மரியா லூயிசா. அருகில் அவருடைய சிலை. புறாக்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தன. தோல்பை விற்பவர் ஒருவர் தள்ளுவண்டியை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எந்த நாடு என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். இந்தியா என்றதும் இந்தியில் விலை சொன்னார்.

விடுதியில் கணக்கு முடிக்கும்போது ரசீதைக் கூர்ந்து பார்த்தேன். அறை வாடகை ஒரு வரியில். அதன் கீழே தனியாக, நகராட்சிக்குச் செலுத்தவேண்டிய பயணியர் தங்கல் வரி, ஓர் ஆள், மூன்று இரவு. சில்லறையாகத்தான் வேண்டும் என்றார் வரவேற்பாளர். பணப்பையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதற்குத் தனி ரசீது கிழித்துக் கொடுத்தார்.